சாண்டோ சரித்திரம்

தேகபலம் மிக்கவனைப் பீமன் என்றழைப்பது தமிழ்நாட்டிற் பண்டை வழக்கு. சாண்டோ என்றழைப்பது சென்ற நூற்றாண்டில் வந்த வழக்கு. கோவையிற் பிறந்து, படமுதலாளியாய்ப் புகழ் பெற்று, 1978-ல் மறைந்த சின்னப்பா தேவர், இளமைத் தேகாப்பியாசத்தால் எய்திய அப்பட்டத்தை இறுதிவரை தம் பெயரின் முன்னே தரித்திருந்தார். வங்காளத்திலோ கையில்லாத பனியனுக்கே அப்பெயர் வந்துவிட்டது. ஆயினும் அது ஒரு மனிதருடைய பெயரென்பதை அறிந்தோர் சிலரே. அம்மனிதர் எவர், அவர் பெயர் எங்ஙனம் பட்டமாயிற்று என்பதை நம் கல்லூரி நண்பர்க்குச் சிறிது கூற முற்படுகின்றோம்.

யூஜீன் சாண்டோ 1867-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 2-ந் தேதி, அக்காலத்துப் பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்த கோனிக்ஸ்பர்க் நகரில் ஜனித்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். பாலியத்தில் தாம் மெலிந்த பிள்ளையாயிருந்ததாகவும், தந்தையுடன் இத்தாலி தேசஞ் சென்று புராதன கற்சிலைகளின் அங்க லட்சணத்தைக் கண்டு, அத்தகைய தேகம் தமக்கும் வேண்டுமென்று உறுதிபூண்டதாகவும் அவர் பிற்காலத்திற் சொல்லி வந்தார். வியாபார சாமர்த்தியம் மிக்க ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே சொன்ன கதையாதலின், இதனை நாம் முற்றும் நம்பவேண்டுவதில்லை. கட்டாயப் படைச் சேவைக்கு அஞ்சி அவர் தம் நாட்டை விட்டு வெளியேறினாரென்பதும், சர்க்கஸ் கூட்டங்களிற் கரணவித்தை செய்து வயிறு வளர்த்தாரென்பதும் மெய். பெல்ஜிய நாட்டுத் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் அட்டிலா என்னும் ஆசிரியரை அடைந்து, பளுவான குண்டுகளைத் தூக்கும் முறையைக் கற்றார். குரு வாய்த்தது அவர் பாக்கியமேயாம்.

1889-ம் வருஷத்தில் லண்டன் நாடக மேடையொன்றில் சாம்ப்ஸன் என்னும் பலசாலி, தன்னை வெல்வோர்க்கு 500 பவுன் தருவதாக நாள்தோறும் அறைகூவி வந்தான். ஆங்கிலமும் சரிவரப் பேசவறியாத சாண்டோ, பெரிய மனிதர் தரிக்கும் மாலையுடுப்புடன் சபையிலிருந்தெழுந்து மேடையேறினார். உடுப்புக்குள் ஒடுங்கியிருந்த அவ்வாலிபனைக் கண்டு ஜனங்கள் நகைத்தனர். முதலில் சைக்ளாப்ஸ் என்னும் சீடனையும், சில தினங்களுக்குப் பின் சாம்ப்ஸனையும் அவர் வென்றார். மறுநாளே லண்டன் முழுதும் அவர் பெயர் பரவிற்று.

இம்மட்டோடு நின்றிருந்தால் அவர் பல பயில்வான்களுள் ஒருவராய் மறக்கப்பட்டிருப்பார். 1893-ல் அமெரிக்கா சென்றபோதுதான் அவர் வாழ்க்கை வேறு வழியிற் றிரும்பிற்று. அவ்வருஷம் சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. ஆங்கு ஒரு நாடகசாலைக்கு ஆட்கள் தேடிக்கொண்டிருந்த ஜீக்பெல்ட் என்னும் இளைஞர் சாண்டோவை ஒப்பந்தஞ் செய்தார். அவர் கூர்ந்து கவனித்த விஷயம் ஒன்றுண்டு. சாண்டோ எவ்வளவு பளுவைத் தூக்குகிறார் என்பதைவிட, தூக்கும்போது புஜத்திலும் முதுகிலும் தசைகள் எங்ஙனம் திரண்டெழுகின்றன என்பதைக் காணவே ஜனங்கள் கூடினர். ஆகவே குண்டுகளைக் குறைத்து, தேகத்தையே காட்சியாக்கினர். சாண்டோ சலவைக்கற் சிலைபோல் அசையாது நின்று, ஒவ்வொரு தசையாக எழுப்பிக் காட்டுவார். ஆட்டம் முடிந்தபின் சீமாட்டிகள் பணங் கொடுத்து உள்ளே சென்று அவர் மார்பைத் தொட்டுப் பார்த்தனர் என்றால், நம் வாசகர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் பலப்பரீட்சை வேறு, தேகக்கட்டு வேறு என்னும் பேதம் பிறந்தது அம்மேடையிலேதான். 1894 மார்ச்சில் எடிசனுடைய தொழிற்சாலையார் அவரைச் சலனப்படமெடுத்தனர். சில விநாடிகளே ஓடும் அப்படம் இன்றும் இருக்கின்றது.

அவ்வருஷமே பிளாஞ்ச் என்னும் ஆங்கில மாதை மணந்தார். இரண்டு பெண்மக்கள் பிறந்தனர். பின் லண்டனில் நிலைத்து, 1897-ல் தேகாப்பியாச சாலையொன்றை நிறுவினார். அடுத்த வருஷம் தேகாப்பியாசத்திற்கென்றே ஒரு பத்திரிகையுந் தொடங்கினார். பலம் பிறவியிலே வருவதன்று, கற்றுக்கொள்ளத்தக்கது என்பதே அவர் போதனை. தசையை அசைக்கையில் மனத்தையும் அத்தசையிலே செலுத்தவேண்டுமென்பார். இதற்கென அவர் விற்ற டம்பெல் இரு பாதியாய்ப் பிளந்து, நடுவே வில்கம்பிச் சுருள்கள் வைக்கப்பட்டது. அப்பியாசம் முடியுமளவும் அதை இறுகப் பிடித்தாலன்றிப் பாதிகள் சேரா. கை சோர்ந்தாலும் கவனஞ் சோர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். தூரதேசத்தார் தம் அங்க அளவுகளை எழுதியனுப்பினால், தக்க பயிற்சி தபாலில் வந்து சேரும்.

இவையெல்லாம் யாருக்காக? நம் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களில் தோல் பதனிடும் தொழிலைப் பாருங்கள். சுண்ணாம்புக் குழியிலிருந்து நீர் சொட்டும் தோலை இழுத்துத் தோளிலிட்டுச் சுமந்தவனுக்கும், ஆவாரம்பட்டை மூட்டையை முதுகிலேற்றினவனுக்கும் டம்பெல் தேவைப்பட்டதில்லை. அவனை எவரும் சாண்டோ என்றழைத்ததுமில்லை. நாற்காலியிலமர்ந்து பேனா பிடித்து மார்பு குறுகினவர்க்கே, அதாவது நம்மனோர்க்கே, சாண்டோ எழுதினார். நகரத்துக் குமாஸ்தாவும் தன் அறையிற் கால்மணி நேரத்திற் செய்யத்தக்க பயிற்சியாயிருந்ததே அது பரவியதன் காரணம். அஜீரணம் முதலாய எண்ணிறந்த வியாதிகளையும் அதனாலேயே தீர்ப்பதாக அவர் விளம்பரஞ் செய்ததை நாம் மெச்சுவதற்கில்லை.

1901-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி, லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியே உலகில் நடந்த முதற் பெரிய தேகக்கட்டுப் போட்டியென்று கூறுவர். ஜில்லாதோறும் முன்னரே தேர்வு நடத்தி, வென்றோரை ஆங்கு வரவழைத்தார். மண்டபம் நிரம்பி வழிந்தது. சிற்பி லாஸ் என்பவரும், துப்பறியுங் கதைகளாற் புகழ்பெற்ற கானன் டாயிலும் சாண்டோவுடன் நடுவராய் அமர்ந்தனர். பருத்த தேகத்துக்கே பரிசு என்றிராமல், அங்கங்கள் ஒன்றற்கொன்று ஒத்து வளர்ந்தனவா, சருமமும் ஆரோக்கியமும் எத்தன்மைய என்பவற்றையும் நோக்கினர். நாட்டிங்ஹாம் நகரத்து முர்ரே என்பவர் சாண்டோவின் உருவமாகிய பொற்பதுமையைப் பெற்றார். அதே வருஷத்தில் லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையார் சாண்டோவின் தேகத்தைச் சாந்தில் வார்த்தெடுத்து, ஐரோப்பிய ஜாதியின் உயர்ந்த மாதிரியென வைத்தனர். ஒருவர் உழைத்துத் தேடிய உடலை ஒரு ஜாதியின் பெருமையாக்கிய இச்செய்கை நமக்கு உவப்பானதன்று.

1904, 1905-ம் வருஷங்களையொட்டி அவர் கீழ்நாட்டு யாத்திரையில் இந்தியாவுக்கும் வந்தார். அவருக்கு முன்பே அவர் புத்தகங்களும் பெயரும் இங்கு வந்திருந்தன. நம்மவர் பலஹீனரென்று ஆளவந்தோர் இகழ்ந்த காலமது. அவ்விகழ்ச்சி பொறாத இளைஞர் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இருந்த சிலம்பக் கூடங்களிலே டம்பெல்லையும் சேர்த்துக்கொண்டனர். அக்கர்லாக்கட்டையை ஆங்கிலப் படையினர் நம்மிடங் கண்டு, 19-ம் நூற்றாண்டிலேயே தம் நாட்டுக்குக் கொண்டுபோயிருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. கடன் இருபக்கமும் உண்டு. பின்னர் பெங்களூரில் கே. வி. ஐயர் தபால் வழியாகவே சீடர்களைச் சேர்த்ததும், 1920-ல் ஹாரி பக் துரை சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியதும் தேகாப்பியாசத்தைக் கல்வியாகவே எண்ணச் செய்தன. சாண்டோ என்னுஞ் சொல் நம் ஊர்களிற் பட்டமாய் நின்றது இக்காலத்திலேயாம்.

பட்டம் இங்கே வளர, அதற்குரியவர் அங்கே தேய்ந்தார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தம் தேகாப்பியாச ஆசிரியராக நியமித்தது உண்மையே. ஆனால் 1914-ல் மூண்ட யுத்தத்தில், ஜெர்மானியப் பிறப்புடைய அவர்மீது ஜனங்களின் சந்தேகம் வீழ்ந்தது. தம் பெயரால் நடத்திய கொக்கோ வியாபாரமும் நசித்தது. 1925-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி, தம் 58-ம் பிராயத்தில் லண்டனிற் காலஞ்சென்றார். பள்ளத்தில் விழுந்த மோட்டாரைத் தனியே தூக்கியதால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததென்று அந்நாளிற் பரவிய செய்தியைப் பிற்காலத்தார் ஐயுறுகின்றனர். இருதயத்தினின்று புறப்படும் பெருநாளம் வீங்கி வெடித்திருக்கலாமென்பர்.

பட்னி வேல் மயானத்தில் அடக்கஞ் செய்தனர். மனைவியாரின் விருப்பப்படி கல்லறைமீது பெயர் பொறிக்கப்படவில்லை. குடும்பத்தில் நேர்ந்த மனக்கசப்பே காரணமென்பர். 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வென்றவர்க்கு அவர் உருவச்சிலையே பரிசாய்க் கொடுக்கப்பட்டு வந்தது. தமிழ்நாட்டுத் தேகாப்பியாச சாலைகளிலோ அவர் பெயர் எத்தனையோ பேருக்கு முன்னொட்டாயிற்று. அவ்வளவு காலமும் அவர் சொந்தக் கல்லறை பெயரின்றிக் கிடந்தது. 2002-ல் அன்பர் ஒருவர் அங்கே கல் நாட்டினார். 2008-ல் அவர் வழித்தோன்றல் ஒருவர் அதனை மாற்றி, இளஞ்சிவப்பு மணற்கல் ஒன்றை நிறுத்தினார். அதில் சாண்டோ என்னும் பெயர் காணப்படுகின்றது.