குளோட் ஷாப் சரிதம்

போர்ச்செய்தி விரைந்து சென்றாலன்றிப் பயன்படாது. அது செல்லும் வழியோ எக்காலத்தும் குறுகியது. அக்குறுகிய வழியிலே பெரும்பொருளைச் செலுத்தும் முறை கண்ட குளோட் ஷாப் என்பாரின் சரிதத்தை ஈண்டுக் கூறுவாம்.

இவர் பிரான்சு தேசத்துப் புருலோன் என்னும் ஊரில் 1763-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் பிறந்தார். குருத்துவப் பணிக்கெனக் கல்வி பயின்று, திருச்சபை மானியத்தால் வாழ்ந்து, பௌதிக ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 1789-இல் எழுந்த புரட்சியால் அம்மானியம் ஒழிந்தது. அவர் மனந்தளராது, சகோதரரோடு கூடித் தூரத்திற்குச் செய்தி விடுக்கும் பொறியொன்று சமைக்கத் தொடங்கினார். 1792-இல் பாரிஸ் நகரின் அருகே நாட்டிய பொறியைப் பகைவர்க்குக் குறிகாட்டுவதென ஐயுற்ற மக்கள் அழித்தனர். அவர் அதனை மீண்டும் அமைத்தார்.

கோபுர உச்சியில் ஒரு நெடுஞ்சட்டம். அதன் இருமுனையிலும் ஒவ்வொரு குறுங்கை. அவை காட்டும் உருவத்தை அடுத்த கோபுரத்தான் தொலைநோக்கியாற் கண்டு, தானும் அவ்வாறே காட்டுவான். 1794-இல் பாரிஸ் முதல் லீல் நகர் வரை, ஏறத்தாழ 230 கிலோமீட்டர்த் தொலைவிற்குக் கோபுரங்கள் நிறுவப்பெற்றன. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், ஆஸ்திரியரிடமிருந்து கொந்தே என்னும் கோட்டைநகர் மீட்கப்பட்ட செய்தி அன்றே பாரிஸை அடைய, தேசிய மகாசபை பெருமகிழ்வுற்றது.

எனினும், இரவும் மழையும் மூடுபனியும் அவ்வழியை அடைத்தன. தெளிந்த பொழுதிலும் உருவங்களை ஒவ்வொன்றாகவே காட்டல் வேண்டும். எழுத்தெழுத்தாய் உரைப்பின் அரிய காலம் வீணாமன்றோ? ஆதலின் ஷாப்பும் அவர் சகோதரரும் 1795-இல் புதியதொரு சொற்கோவை வகுத்தனர். பொறி காட்டவல்ல 98 உருவங்களுள் ஆறனைப் பணிக்குறிகளாக ஒதுக்கினர். எஞ்சிய 92-ஐக் கொண்டு, 92 பக்கங்களில் பக்கத்திற்கு 92 ஆக 8,464 சொற்களை நிரல்படுத்தினர். முதலுருவம் பக்கத்தையும் அடுத்தது வரியையும் சுட்டும். இவ்வாறு நெடிய சொல்லும் இரண்டே குறியில் அடங்கிற்று. இடைக்கோபுரத்தார் பொருளறியாராகலின் இரகசியமும் காக்கப்பட்டது.

புகழோடு துன்பமும் வந்தது. இக்கண்டுபிடிப்பு அவருடையதன்று எனப் பிறர் தொடுத்த வாதமும் நோயும் அவர் உள்ளத்தை வாட்டின. 1805-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள், 41-ஆம் வயதில், பாரிஸிலே கிணற்றில் வீழ்ந்து உயிர்நீத்தார். தேசத்தின் செய்தியெல்லாம் சுமந்த பொறியைச் சமைத்தவர் தம் துயரச்சுமையைத் தாங்கமாட்டாது மாய்ந்தமை நினைக்குந்தோறும் நம் நெஞ்சை உருக்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மின்தந்தி தோன்றவே கோபுரங்கள் ஓய்ந்தன. ஆயினும், இருமுனையினரும் பொருளை முன்னரே வகுத்து வைத்துக் குறியை மட்டும் அனுப்பும் நெறி ஓயவில்லை; வானொலி அலையின் குறுகிய இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இக்காலச் சேனைகளும் அதனையே கைக்கொள்கின்றன. நன்னூலார் நூலுக்கு அழகெனக் கொண்ட சுருக்கம், போர்க்களத்தில் காலத்தையும் உயிரையும் காப்பதாதலை இவர் சரிதத்தால் அறிகின்றோம்.