மரீ அந்துவான் கரேம்

மரீ அந்துவான் கரேம் (இறப்பு: சனவரி 12, 1833) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற சமையல் கலைஞரும் சமையல் நூலாசிரியரும் ஆவார். அணிச்சல் (கேக்) அலங்காரத்தைக் கட்டடக்கலைக்கு நிகரான ஒரு கலையாக வளர்த்தவர் என இவர் நினைவுகூரப்படுகிறார். மாவு, சர்க்கரை, பிசின், முட்டையின் வெண்கரு ஆகிய எளிய பொருட்களைக் கொண்டே கோயில்களையும் கோட்டைகளையும் உணவு மேசையின் மீது எழுப்பியவர் இவர்.

இளமைக்காலம்

கரேம் பாரிசு நகரில் வறிய குடும்பமொன்றில் சூன் 8 ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஆண்டு 1783 எனவும் 1784 எனவும் இருவிதமாகக் குறிப்பிடப்படுகிறது. பெற்றோருக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்றொரு கதையும் உண்டு. அதை அப்படியே ஏற்பது கடினம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், ஏறத்தாழ 1792 இல், உணவளிக்க வழியின்றித் தந்தை இவரைத் தெருவில் விட்டுச் சென்றார். மலிவான உணவு விடுதி ஒன்று இவருக்குப் புகலிடம் அளித்தது. உணவுக்கும் உறைவிடத்திற்கும் ஈடாக அங்குச் சமையலறைச் சிறுவனாக உழைத்தார்.

1798 இல், பலே ரோயால் அருகே கடை வைத்திருந்த சில்வேன் பாயி என்னும் புகழ்பெற்ற பணியார வினைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பாயி பெருந்தன்மையானவர். ஓய்வு நேரத்தில் தேசிய நூலகத்திற்குச் சென்று வரைபடங்களைப் பார்த்துப் பழக இச்சிறுவனுக்கு அனுமதி கொடுத்தார். கிரேக்கக் கோயில்கள், எகிப்தியப் பிரமிடுகள், பழங்கால இடிபாடுகள் ஆகியவற்றின் படங்களைக் கரேம் பார்த்து வரைந்து பழகினார். பின்னர் அவற்றையே சர்க்கரையிலும் மாவிலும் செய்தார். இவ்வமைப்புகள் பாயியின் கடைச் சாளரத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன; பல அடி உயரமுள்ளவையும் அவற்றுள் இருந்தன. பின்னர் கரேம் சொந்தமாகவும் ஒரு கடை நடத்தினார்.

அலங்கார முறை

இவ்வகை அலங்காரத்தின் அடிப்படை சர்க்கரைப் பசை ஆகும். மேற்காசியாவில் வளரும் ஒருவகைப் புதரிலிருந்து வடியும் பிசினை நீரில் ஊறவைத்து, பொடித்த சர்க்கரையுடன் சேர்த்துப் பிசைவர். அதை மெல்லியதாகத் தேய்த்து, காகித அச்சை மேலே வைத்துச் சுவர், தூண், கூரை என வெட்டியெடுப்பர். பசையின் மேற்பரப்பு விரைவில் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் இவ்வேலையை வேகமாக முடிக்க வேண்டும். முழுதும் உலர்ந்தபின் அது பீங்கான் போல் கெட்டியாகிவிடும். வெண்கருவும் சர்க்கரைப் பொடியும் கலந்த குழம்பே துண்டுகளை ஒட்டும் காரை. பச்சை நிறத்திற்குக் கீரைச் சாறும், மஞ்சளுக்குக் குங்குமப்பூவும், சிவப்புக்குக் கொச்சினீல் பூச்சியின் சாயமும் பயன்பட்டன. அருவி போன்ற தோற்றத்திற்குக் காய்ச்சிய பாகை நூலாக இழுத்துத் தொங்கவிட்டனர்.

இவ்வமைப்புகளுள் பெரும்பாலானவை உண்பதற்காக அன்றிப் பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் சர்க்கரை மலிவானதும் அன்று. 1806 இல் நெப்போலியன் பிரித்தானிய வணிகத்தைத் தடை செய்தார். பிரித்தானியக் கடற்படையோ குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் கப்பல்களை மறித்தது. இதனால் பிரான்சில் கரும்புச் சர்க்கரை கிடைப்பது அரிதாகி விலை மிக உயர்ந்தது. இதற்கு மாற்றாகவே 1811 முதல் பீட்ரூட் சர்க்கரை உற்பத்திக்கு அரசு ஊக்கமளித்தது. அச்சர்க்கரை பிற்காலத்தில் மலிந்த பிறகே, அரண்மனை மேசையில் இருந்த இந்த அலங்காரம் எளிய குடும்பங்களின் அடுக்களையை எட்டியது. இன்று வீட்டில் பிறந்தநாள் அணிச்சல் செய்பவர், சாதாரண அணிச்சலின் மேல் காகித அச்சால் வெட்டிய சர்க்கரைப் பூக்களை வெண்கருக் குழம்பால் ஒட்டுவதும் இதே முறைதான். அணிச்சலின் செலவைக் கூட்டாமல் தோற்றத்தை மட்டும் உயர்த்த இதைவிட எளிய வழி குறைவு.

பிற்காலம்

கரேம், இராசதந்திரி தாலேரானிடம் பணிபுரிந்தார். ஓராண்டு முழுவதும் ஒருமுறை பரிமாறிய உணவு மீண்டும் வராதவாறு, அந்தந்தப் பருவத்தில் விளையும் பொருட்களைக் கொண்டே உணவுப் பட்டியல் அமைக்குமாறு தாலேரான் இவரைச் சோதித்ததாகக் கூறப்படுகிறது. 1810 இல் நடைபெற்ற நெப்போலியன், மரீ லூயிசு திருமண விருந்துகளிலும் இவரது கைவண்ணம் இருந்தது. 1816 இல் இங்கிலாந்து சென்று, பின்னாளில் நான்காம் சார்ச்சு மன்னரான இளவரசரிடம் பணியாற்றினார். உருசியாவுக்கும் சென்று வந்தார். இறுதியாகப் பாரிசில் ரோத்சைல்டு குடும்பத்தின் சமையலராக இருந்தார்.

1815 இல் வெளியான இவரது இரு பணியார நூல்களுக்கு இவரே படங்களை வரைந்தார். தொழில் நுணுக்கங்களைப் பயிற்சிக் கூடத்திற்குள் மறைத்து வைக்கும் வழக்கம் நிலவிய காலத்தில், அளவுகளோடும் வரைபடங்களோடும் அவற்றை அச்சில் கொடுத்தது சிறிய செயல் அன்று. பிரெஞ்சுச் சுவைச்சாறுகளை நான்கு அடிப்படை வகைகளாகப் பகுத்தவரும் இவரே.

காற்றோட்டமில்லாத சமையலறைகளில் பல ஆண்டுகள் கரியடுப்புப் புகையைச் சுவாசித்ததே இவரது உடல்நலக் கேட்டுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஐம்பது வயதை எட்டுமுன் பாரிசில் காலமானார். மொன்மார்த்தர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சமையற்கலை பற்றிய இவரது ஐந்து தொகுதிப் பெருநூலின் கடைசி இரு தொகுதிகளை, இவரது மறைவுக்குப் பின் புளூமெரே என்ற சமையலர் எழுதி நிறைவு செய்தார்.