பிஞ்சு மனதில் விழும் முதல் அடி: மார்ட்டின் லூதர் கிங் வாழ்விலிருந்து

கொடைக்கானலுக்கு ரயிலில் போகும் நம் குடும்பங்கள் கொடை ரோட்டில் இறங்குவதற்குச் சற்று முன்பு அம்பாத்துரையைக் கடந்து செல்கின்றன. அதன் அருகில் இருக்கிறது காந்திகிராமம். 1959 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், மனைவி கொரெட்டாவுடன் அங்கு வந்து சென்றார். அப்போது அவருக்கு வயது 30.

1929-ல் அட்லாண்டா நகரில் பிறந்த கிங்குக்கு எதிர்வீட்டுக் கடைக்காரரின் மகன் உற்ற தோழன். அவன் வெள்ளைக்காரச் சிறுவன். ஆறு வயதில் இருவரும் வெவ்வேறு பள்ளிகளில் சேர்ந்ததும், இனிமேல் சேர்ந்து விளையாடக் கூடாது என்று அந்தச் சிறுவனின் தந்தை தடுத்துவிட்டார். காரணம் நிறம். அழுத மகனிடம் தாய் அல்பெர்ட்டா நாட்டின் நிலைமையை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். அத்தோடு, நீ எவருக்கும் குறைந்தவன் இல்லை என்பதையும் மனதில் பதிய வைத்தார். செருப்புக் கடையில் பின்வரிசைக்குப் போகச் சொன்னபோது, தந்தை எதுவும் வாங்காமல் மகனைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இத்தகைய பெற்றோர் வாய்ப்பதில்லை. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைச் சிறுபிள்ளைகளிடம் காட்டினார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினார்கள். உன்னைப் போல இருப்பது எது என்ற கேள்விக்குச் சிலர் அழுதேவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

தமிழகத்திலிருந்து திருவனந்தபுரம் சென்ற கிங், தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு, தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டார்.

சில ஆண்டுகளில் அவருடைய மகள் யோலண்டா, தொலைக்காட்சியில் பார்த்த பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக ஆசைப்பட்டாள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை என்று ஆறு வயது மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்த வேதனையையும் கிங் பதிவு செய்தார். மறு ஆண்டே பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. 1968-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெயரையும் உடையையும் வைத்து நம் பிள்ளைகள் வெளியே கேலி செய்யப்படும்போது நாம் கொதிக்கிறோம். அது நியாயமே. ஆனால், கறுப்பாகப் பிறந்த மகளை நம் வீட்டிலேயே நிறத்தைச் சொல்லி அழைக்கிறோமே, அது என்ன? வெளியே விழும் அடியைத் தாங்கும் பலத்தைப் பிள்ளைக்கு வீடுதான் தர வேண்டும். அல்பெர்ட்டா செய்தது அதைத்தான்.