சனியின் ஒன்பதாவது சந்திரனைக் கண்டவர்

சனிக் கிரகத்துக்கு எட்டு சந்திரன்களே உண்டு என்று உலகம் ஐம்பது ஆண்டுகள் நம்பியிருந்தது. எட்டாவது சந்திரன் 1848ல் அகப்பட்டது. ஒன்பதாவது ஒன்றும் இருக்கிறது என்று 1899ல் அறிவித்தவர் வில்லியம் ஹென்றி பிக்கரிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

பிக்கரிங் 1858 பிப்ரவரி 17ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவரான தமையனார் எட்வர்டு, ஹார்வர்டு வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1877 முதல் 1919 வரை இருந்தவர். தம்பி பௌதிக ஆசிரியராகப் பணியாற்றிவிட்டுப் பிறகு அண்ணனிடம் வந்து சேர்ந்தார். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அரெகீபா நகருக்கு அருகே ஹார்வர்டின் கிளை நிலையத்தை அமைக்கும் பணி 1891ல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த நிலையத்தில் 1898 ஆகஸ்டு மாதம் டிலைல் ஸ்டூவர்ட் என்பவர், சனியை ஒட்டிய வானத்தை 24 அங்குல டெலஸ்கோப் மூலம் போட்டோ எடுத்தார். அந்தக் கண்ணாடித் தட்டுகளை பிக்கரிங் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தட்டிலும் எண்ணற்ற நட்சத்திரங்கள் புள்ளிகளாக விழுந்திருந்தன. அவை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, ஒரே ஒரு மங்கலான புள்ளி மட்டும் சனியோடு கூடவே நகர்ந்திருந்தது. அதற்கு அவர் ஃபீபி என்று பெயரிட்டார். போட்டோ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சந்திரன் அதுதான்.

ஆனால் பல ஆண்டுகள் அதை மறுபடி காண முடியவில்லை. சந்தேகக் குரல்கள் எழுந்தன. 1904ல் அரெகீபா தட்டுகளில் ஃபீபி மீண்டும் அகப்பட்டது. அதோடு ஓர் அதிசயமும் தெரிந்தது. மற்ற எட்டும் ஒரு திசையில் சுற்ற, ஃபீபி மட்டும் அதற்கு எதிர்த்திசையில் சுற்றியது! சனியிலிருந்து சுமார் 1 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது ஒரு சுற்று வர 550 நாள் ஆகிறது.

வெற்றி தந்த துணிவில் 1905ல் பத்தாவது சந்திரனையும் கண்டதாக அறிவித்து, தெமிஸ் என்று பெயர் வைத்தார். ஒன்பதாவதையும் பத்தாவதையும் கண்டதற்காக பிரெஞ்சு விஞ்ஞான அகாடமி 1906ல் அவருக்கு லாலாண்ட் பரிசு வழங்கியது. ஆனால் தெமிஸை அதன்பின் எவரும் காணவில்லை. அப்படி ஒரு சந்திரனே கிடையாது.

1911 முதல் ஜமெய்க்கா தீவின் மான்டெவில் என்ற ஊரில் தங்கி ஆராய்ந்தார். 1924ல் ஹார்வர்டு பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த நிலையத்தைத் தாமே நடத்தினார். நம் சந்திரனின் ஒரு பள்ளத்தில் நிழல்திட்டுகள் மாறுவதைக் கண்டு, அவை பூச்சிக் கூட்டங்களாக இருக்கலாம் என்று எழுதினார். விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. நெப்டியூனுக்கு அப்பால் ஒரு கிரகம் உண்டு என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கை வைத்து 1919ல் மவுண்ட் வில்சன் நிலையத்தில் தேடியபோது எதுவும் தென்படவில்லை. 1930ல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பழைய தட்டுகளைப் புரட்டினால், புளூட்டோ அவற்றில் பதிந்தே இருந்தது! ஆனால் அவர் கணக்கிட்ட பெரிய கிரகம் அதுவல்ல.

1938 ஜனவரியில், 79வது வயதில், மான்டெவில்லிலேயே அவர் காலமானார்.

அவர் வெறும் புள்ளியாகக் கண்ட ஃபீபியை, 2004 ஜூன் 11ந் தேதி காசினி விண்கலம் 2,068 கிலோமீட்டர் அருகில் சென்று படம் பிடித்தது. சுமார் 213 கிலோமீட்டர் குறுக்களவுள்ள, பள்ளங்கள் நிறைந்த, கருத்த உருண்டை அது. சனியோடு பிறந்ததல்ல, வெகு தொலைவிலிருந்து வந்து சனியின் ஈர்ப்பில் சிக்கியது என்று கருதப்படுகிறது. 2025ல் சனியின் சந்திரன்களின் எண்ணிக்கை 274 ஆக உயர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபீபியைப் போல எதிர்த்திசையில் சுற்றும் சிறு சந்திரன்களே.

ஃபீபியைக் கண்டதும் தெமிஸைக் கண்டதும் அதே கண்கள்தான். ஒருவர் கண்டதைப் பிறரும் காண முடிந்தால்தான் விஞ்ஞானம் அதை ஏற்கும். அந்தச் சோதனையில் தெமிஸ் மறைந்தது. ஐந்து ஆண்டு சந்தேகத்தைத் தாண்டி வந்த ஃபீபி, பிக்கரிங்கின் பெயரை இன்றும் காப்பாற்றி வருகிறது.