சிவகாசி தந்த மேடைப் போராளி

சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகங்களும் நினைவுக்கு வருகின்றன. இத்தொழில்கள் வேரூன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அம்மண் ஒரு பாடகரைப் பெற்றெடுத்தது. வெடிமருந்து இல்லாமலேயே ஆங்கிலேய ஆட்சியாளரைத் திடுக்கிடச் செய்த அவர், மேடைக் கலைஞர் தியாகி விசுவநாததாஸ்.

1886 ஜூன் 16-ஆம் நாள் சிவகாசியில் பிறந்தவர் அவர். அன்று சிவகாசி, திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த, மழையை நம்பி வாழ்ந்த ஒரு வறண்ட நிலத்து ஊர். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்கும், 1985-இல் விருதுநகர் மாவட்டத்துக்கும் அது மாறியது. பெற்றோர் சுப்பிரமணிய பண்டிதரும் ஞானாம்பாளும். மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட சமூகம். முடிதிருத்தம், நாட்டு மருத்துவம், மங்கல இசை என ஊருக்கு இன்றியமையாத பணிகள் அனைத்தையும் செய்துவிட்டு, ஊரார் முன் ஒதுங்கி நிற்க வேண்டிய நிலையில் அச்சமூகம் இருந்தது. கோயில் நுழைவு உரிமையை முன்னிட்டு 1899-இல் சிவகாசி பற்றி எரிந்தபோது விசுவநாததாஸுக்கு வயது 13. பிறப்பு, மனிதனின் இடத்தை எப்படி வரையறுக்கிறது என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

குடும்பம் பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் குடியேறியது. இளம் வயதிலேயே குரல் வளத்தால் அறியப்பட்ட அவரை நாடக மேடை ஈர்த்துக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் தென்மாவட்டங்களை ஆண்ட காலம் அது. ஒலிபெருக்கி இல்லை; கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி விடியவிடியப் பாட வேண்டும். அத்தகைய மேடையில் முருகனாகவும் கோவலனாகவும் தோன்றி, ராஜபார்ட் நடிகராக உயர்ந்தார் அவர்.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாட்டை இங்கே விளக்குவது அவசியம். நிலையான கம்பெனிக்குக் கட்டுப்படாத நடிகர்களைப் பல ஊர்களிலிருந்தும் ஒரே ஓர் இரவுக்காக ஒப்பந்தக்காரர் வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் தர்க்கமும் நடிகரின் திறமைக்கு விடப்பட்டவை. பொருளாதார மொழியில் சொன்னால், நடிகர் அங்கே தனித் தொழில்முனைவோர். அவருடைய மூலதனம் குரல்; வருவாய், மேடையேறும் இரவுகளின் எண்ணிக்கை. மேடையேறாத இரவுக்கு ஊதியம் இல்லை. இந்தக் கணக்கை மனத்தில் கொண்டால்தான் விசுவநாததாஸ் இழந்தது எவ்வளவு என்பது புலப்படும்.

1919 ஏப்ரல் 13-ஆம் நாள் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. நாளேடு எட்டாத, எட்டினாலும் படிக்கத் தெரியாத கிராமங்களுக்கு அச்செய்தியைக் கொண்டு சேர்த்தவர்கள் மேடைப் பாடகர்கள். பஞ்சாப் படுகொலையைப் பற்றி விசுவநாததாஸ் பாடிய பாட்டு கொட்டகைகளில் மக்களை விம்மி அழச் செய்தது. அன்று முதல் அவருடைய மேடை அரசியல் மேடையாயிற்று. கதர் அணிந்தார், கதரைப் பாட்டால் பரப்பினார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் பாட்டெழுதினர். நாடகக் கலைஞர்களை விடுதலை இயக்கத்தோடு இணைப்பதில் சத்தியமூர்த்தி முன்னின்றார்.

ஆங்கிலேய அரசிடம் 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இருந்தது. ஆட்சிக்கு எதிரானது என்று கருதும் நாடகத்தைத் தடை செய்ய அது அதிகாரம் தந்தது. ஆனால், வள்ளி திருமணத்தை எப்படித் தடை செய்வது? அது முருகன் கதை. தினைப்புனத்தில் பறவை விரட்டும் வள்ளியிடம் முருகன் பாடுகிறார். அந்த இடத்தில் விசுவநாததாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். அந்தக் கொக்கு யாரென்பது பாமரருக்கும் தெரியும். குறிப்பெடுக்க வந்த காவலருக்கும் தெரியும். எழுத்துப் பிரதியில் இல்லாத பாட்டை முன்கூட்டித் தணிக்கை செய்ய இயலாது. பாடி முடித்த பிறகு பாடியவரைக் கைது செய்வது ஒன்றே அரசுக்கு எஞ்சிய வழி.

அதை அரசு சலிக்காமல் செய்தது. அவர் 29 முறை சிறை சென்றார் என்பது பெருவழக்காகச் சொல்லப்படும் கணக்கு. முருகன் வேடத்தோடே கைதான நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களில் இன்றும் பேசப்படுகின்றன. அவருக்காக வ.உ.சிதம்பரனார் நீதிமன்றத்தில் வழக்காடியதையும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். கப்பலோட்டியதால் எல்லாம் இழந்த ஒருவர், பாட்டுப் பாடியதால் எல்லாம் இழந்துகொண்டிருந்த ஒருவருக்குத் துணை நின்றார்.

எதிர்ப்பு அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. அவர் பிறந்த சாதியைக் காட்டி, அவரோடு இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். மேடையில் முருகனாக நின்றவரைக் கையெடுத்துக் கும்பிட்ட கூட்டம், வேடம் கலைந்ததும் அவருடைய சாதியை நினைவுகூர்ந்தது. அந்தச் சூழலில் துணிந்து அவருக்கு இணையாக நடித்தவர்களுள் ஒருவர் கே.பி.ஜானகி அம்மாள். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னணித் தலைவராகவும் சட்டப்பேரவை உறுப்பினராகவும் விளங்கியவர் அவர். ஒரு நாடகக் கொட்டகையில் எடுத்த அந்த முடிவு, அவருடைய பொதுவாழ்வின் முதல் அரசியல் செயல்களுள் ஒன்று என்றே சொல்லலாம்.

கைது நடந்தால் நாடகம் நின்றுவிடும். முன்பணமும் கொட்டகை வாடகையும் ஒப்பந்தக்காரருக்கு நட்டம். எனவே அழைப்புகள் குறைந்தன. கடன் பெருகியது. திருமங்கலத்து வீடு அடமானத்தில் சிக்கியது. மேடையில் அரசை எதிர்த்துப் பாடுவதை விட்டுவிட்டால் கடனை அடைத்து வீட்டை மீட்டுத் தருவதாக ஆட்சியாளர் தரப்பிலிருந்து தூது வந்ததாகவும், அவர் அதை ஏற்கவில்லை என்றும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அடக்குமுறைக்குச் சட்டமும் சிறையும் எப்போதும் தேவைப்படுவதில்லை. ஒருவருடைய பிழைப்பைக் கடினமாக்கினாலே போதும். பெரும்பாலோர் பணிந்துவிடுவர். அவர் பணியவில்லை.

கடனைத் தீர்க்கும் நம்பிக்கையோடு சென்னைக்குச் சென்றார். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். உடல்நிலை நலிந்திருந்தது. முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 54. தேசம் விடுதலை பெற இன்னும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருந்தன.

உலகின் வேறொரு மூலையில் நடந்ததை இங்கு ஒப்பிடத் தோன்றுகிறது. 1964 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகர அரங்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. சக் பெர்ரி, ஜேம்ஸ் பிரவுன், மார்வின் கே முதலிய கறுப்பினக் கலைஞர்களும், பீச் பாய்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் முதலிய வெள்ளையினக் குழுக்களும் ஒரே மேடையில் பாடினர். குடியுரிமைச் சட்டம் நிறைவேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதைப் படமாக்கி, டி.ஏ.எம்.ஐ. ஷோ என்ற பெயரில் திரையரங்குகளில் வெளியிட்டனர். வறுமையில் பிறந்து, சிறுவயதில் காலணி துடைத்துப் பிழைத்த ஜேம்ஸ் பிரவுன் அன்று வியர்வை சொட்டச் சொட்ட ஆடிப் பாடியதை இன்றும் காணலாம். 2006-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அப்படம் இடம்பெற்றது.

நம் மேடைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. தமிழில் பேசும்படம் 1931-இல் வந்தது. 1935-இல் நந்தனார் படத்துக்காக கே.பி.சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். மேடைக் கலைஞர்களைத் திரைக்கு அழைத்துக்கொண்டார்களே தவிர, மேடையின் ஓர் இரவை அப்படியே படச்சுருளில் பதியும் எண்ணம் அன்று எவருக்கும் எழவில்லை. நிகழ்த்து கலை, விளைந்த கணமே நுகரப்பட்டுத் தீர்ந்துவிடும் பண்டம். பதிவு செய்தால்தான் அது அடுத்த தலைமுறைக்குச் சொத்தாகும். விசுவநாததாஸின் இரவுகள் கேட்டவர்களின் நினைவில் தங்கி, அவர்களோடு மறைந்தன.

அவருடைய திருமங்கலத்து இல்லம் இன்று அரசின் நினைவு இல்லமாக உள்ளது. அது வரவேற்கத்தக்கது. ஆனால், கலைஞருக்கு உண்மையான நினைவுச்சின்னம் அவருடைய கலை உயிரோடிருப்பதே. மதுரை, புதுக்கோட்டை, விருதுநகர் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் விடியவிடிய நடக்கிறது. அந்த நடிகர்களும் அன்றுபோலவே இரவுக் கணக்கில் ஊதியம் பெறுகின்றனர். திருவிழாக் காலம் முடிந்தால் வருவாய் இல்லை. மூத்த நடிகர் ஒருவர் மறையும்போது அவர் மனப்பாடமாக வைத்திருந்த பாடல்களும் மெட்டுகளும் தர்க்கங்களும் உடன் மறைகின்றன.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முழு இரவு நாடகங்களைத் தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு நிகழ்த்தி, குறைவின்றிப் பதிவு செய்யலாம். நடிகர்களின் வீடுகளில் உள்ள பழைய பாட்டு நோட்டுகளையும் நாடக நோட்டீஸ்களையும் பல்கலைக்கழகங்கள் படியெடுக்கலாம். நாடெங்கும் நாட்காட்டி அச்சிட்டு அனுப்பும் சிவகாசி, தன் மண்ணின் மைந்தர் பாடிய பாடல்களைத் திரட்டி ஒரு நூலாக அச்சிட்டுத் தரலாம்.

பாடுவதற்கு அவர் கொடுத்த விலை ஒரு வீடு, 29 சிறைவாசங்கள், இறுதியில் உயிர். அதைக் காப்பதற்கு நம்மிடம் கேட்கப்படுவது மிகச் சிறிய தொகை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).