சாணிக் கிருமியைப் பிடித்த டாக்டர்



போன மாசம் என் தம்பி மாட்டுக் கொட்டாயில் பீங்கான் சில்லை மிதித்துவிட்டான். நம்ம ஊரில் பீங்கான் சில்லு எங்கேதான் இல்லை! ஆயா காயத்தில் அப்ப சாணியை எடுத்தாங்க. அம்மா தடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வந்தாங்க. அந்த ஊசிக்கு வழி காட்டியவர்தான் ஷிபாசபுரோ கிடசாட்டோ.

இவர் 1853-இல் ஜப்பானில் ஓகுனி என்ற மலை ஊரில் பிறந்தார். டாக்டருக்குப் படித்து, 1886 முதல் பெர்லின் நகரில் ராபர்ட் காக்கிடம் ஆராய்ச்சி செய்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே காக்தான்.

அந்தக் காலத்தில் ரண ஜன்னி வந்தால் பிழைப்பவர்கள் குறைவு. தாடை இறுகிவிடும், உடம்பு வில் மாதிரி வளையும். அதன் கிருமி மாடு, குதிரையின் குடலில் இருக்கும். சாணியோடு மண்ணுக்கு வந்து, விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சாணி காய்ந்தாலும் அது சாகாது. ஆனால் அதை மட்டும் தனியாக வளர்க்க யாராலும் முடியவில்லை. வேறு கிருமிகளும் கூடவே வளர்ந்துவிடும்.

கிடசாட்டோ என்ன செய்தார் தெரியுமா? கலவையை 80 டிகிரிக்குச் சூடாக்கினார். மற்றவை செத்தன, ஓடு கட்டிய இது தப்பியது. காற்றுப் பட்டால் இது வளராது என்பதால் ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்தார். இது 1889-இல் நடந்தது. ஆழமான காயத்தில் சாணி அப்பினால் ஏன் ஆபத்து என்று இப்போ புரியுதா? கிருமியும் உள்ளே போகுது, காற்றும் படாது.

மறு வருஷம் இவரும் பெரிங்கும் சேர்ந்து, அந்தக் கிருமியின் விஷத்தை முறிக்கும் சக்தியை விலங்கின் ரத்தத்தில் உண்டாக்கலாம் என்று காட்டினார்கள். 1901-இல் சீரம் மருத்துவத்துக்காக நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டும் கிடைத்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1892-இல் ஊர் திரும்பினார். 1894-இல் ஹாங்காங் போய் பிளேக் கிருமியை ஆராய்ந்தார். 1931-இல் காலமானார். 2024-இல் வந்த ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் இவர் படம் இருக்கிறது.

தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிந்தது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிருமி மட்டும் சாணியிலும் மண்ணிலும் இன்னும் இருக்கு.

எழுதி முடித்து ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவங்களுக்கு முதலில் பிறந்த பிள்ளை எட்டாம் நாள் பால் குடிக்க வாய் திறக்காமல் செத்துப்போச்சாம். தொப்புள் கொடியில் சாணி வைத்தாங்களாம். தோஷம் என்று சொன்னாங்களாம்.

- 9ஆம் வகுப்பு மாணவி