காட்டுத்தீயை உடனே அணைத்தால் காடு பிழைக்குமா? எட் புலாஸ்கியின் கதை

அமெரிக்காவில் காட்டுத்தீ என்று செய்தி வரும்போது படங்களைக் கவனிச்சிருக்கீங்களா? மஞ்சள் சட்டை, தலைக்கவசம், கையில் விநோதமான ஒரு கருவி. அதன் தலையில் ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி.

அந்தக் கருவிக்குப் பெயர் புலாஸ்கி. அது ஒரு மனிதரின் பெயர்.

எட் புலாஸ்கி இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே இரவில் சுமார் 40 பேரின் உயிரைக் காப்பாற்றியவர் அவர். அந்த இரவுக்குப் பிறகு அமெரிக்காவின் பொதுக் காடுகளில் தீயைக் கையாளும் முறையே மாறிப்போனது. அந்த மாற்றத்தின் விலையை அந்நாடு இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எப்படின்னு பார்ப்போம்.

யார் இந்த எட் புலாஸ்கி?

1860களில் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வேலை தேடி மேற்கே போனார். சுரங்கத்தில் வேலை பார்த்தார். ரயில்பாதை போடும் வேலையும் பார்த்தார். கொல்லுப்பட்டறைத் தொழிலும் அவருக்குத் தெரியும்.

அமெரிக்க வனச் சேவை 1905-ல் தொடங்கப்பட்டது. அரசுக்குச் சொந்தமான காடுகளைப் பராமரிப்பது அதன் பொறுப்பு. வனவியல் படித்துவிட்டு வந்த இளைஞர்கள்தான் அதில் அதிகம். 1908-ல் புலாஸ்கி வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 40 வயது இருக்கும். கையில் பட்டம் இல்லை. ஆனால் ஐடஹோ மாநிலத்து மலைகளின் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் அவருக்கு அத்துப்படி.

வாலஸ் என்ற சிறிய சுரங்க நகரில் அவருக்கு வனச்சரகர் வேலை. மனைவி எம்மாவோடும் மகளோடும் அங்கேயே குடியேறினார்.

1910-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. கோடை தொடங்குவதற்கு முன்பே காடு காய்ந்துபோனது. மின்னல் ஒரு பக்கம், ரயில் எஞ்சின்களிலிருந்து தெறித்த தீப்பொறி இன்னொரு பக்கம். ஆகஸ்ட் மாதத்துக்குள் ஆங்காங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தீ.

வனச் சேவையில் போதிய ஆள் இல்லை. சுரங்கத் தொழிலாளிகள், மரம் வெட்டுபவர்கள், வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் கூலிக்கு எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 25 காசு. அதிபர் டாஃப்ட் ராணுவ வீரர்களையும் அனுப்பினார். அவர்களில் கறுப்பின வீரர்களைக் கொண்ட படைப்பிரிவும் ஒன்று.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிற்பகலில் சூறாவளி வேகத்தில் காற்று கிளம்பியது. சிறு சிறு தீயெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன.

இரண்டே நாளில் ஐடஹோ, மொண்டானா, வாஷிங்டன் மாநிலங்களில் சுமார் 1.2 மில்லியன் ஹெக்டர் காடு எரிந்துபோனது. அது எவ்வளவு பெரிசுன்னு யோசிக்கிறீங்களா? கிட்டத்தட்ட 16 சிங்கப்பூர். அல்லது பகாங் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு.

குறைந்தது 85 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள்.

சுரங்கத்துக்குள் ஓர் இரவு

அன்று புலாஸ்கி வாலஸுக்கு மேலே மலையில் இருந்தார். சுற்றிலும் தீ. அவருடன் சுமார் 45 பேர். பலருக்கு அந்த மலை புதுசு. எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியாது.

ஊருக்குப் போகும் வழியைத் தீ அடைத்துவிட்டது. அப்போதுதான் அவருடைய பழைய சுரங்க அனுபவம் கைகொடுத்தது. பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கப்பாதை ஒன்று இருப்பது அவருக்கு நினைவு வந்தது. புகையில் எதிரே இருப்பது தெரியாத நிலையில் எல்லாரையும் அதற்குள் நடத்திக்கொண்டு போனார். வழியில் ஒருவர், விழுந்த மரத்துக்கு அடியில் சிக்கி இறந்தார். குதிரைகளையும் உள்ளே கொண்டுபோனார்கள்.

உள்ளே போனதும் எல்லாரையும் முகத்தைத் தரையோடு வைத்துப் படுக்கச் சொன்னார். வாயிலில் போர்வைகளை நனைத்துத் தொங்கவிட்டார். அவை எரிந்தன. வாயிலைத் தாங்கி நின்ற மரச்சட்டங்களும் தீப்பிடித்தன. சுரங்கத் தரையில் தேங்கியிருந்த தண்ணீரைத் தொப்பியில் அள்ளி அள்ளி அவற்றின் மேல் ஊற்றினார்.

வெப்பம் தாங்க முடியாமல் ஒருவர் வெளியே ஓடப் பார்த்தார். போனால் சாவு நிச்சயம். ஒருவர் ஓடினால் மற்றவர்களும் பின்னால் ஓடுவார்கள். புலாஸ்கி துப்பாக்கியை எடுத்தார். தன்னைத் தாண்டிப் போகிறவரைச் சுட்டுவிடுவதாக எச்சரித்தார். அதன் பிறகு யாரும் வெளியே போகவில்லை.

கடைசியில் அவரே மயங்கி விழுந்தார்.

விடியும்போது சிலருக்கு நினைவு திரும்பியது. அசைவில்லாமல் கிடந்த புலாஸ்கியைப் பார்த்துவிட்டு, தலைவர் இறந்துவிட்டார் என்றார் ஒருவர். தான் சாகவில்லை என்று கீழே கிடந்தவரே பதில் சொன்னார்.

ஐந்து பேர் சுரங்கத்துக்குள் இறந்துகிடந்தார்கள். மற்றவர்கள் கருகிய காலணிகளோடு, இன்னும் புகைந்துகொண்டிருந்த மரங்களைத் தாண்டி, தட்டுத்தடுமாறி வாலஸ் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதி எரிந்திருந்தது. எம்மாவும் மகளும் உயிரோடு இருந்தார்கள்.

காப்பாற்றியவருக்கு என்ன கிடைத்தது?

பாராட்டு கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை.

புலாஸ்கியின் கண்களும் நுரையீரலும் பாதிக்கப்பட்டன. பார்வை முழுசா திரும்பவே இல்லை. கடமையில் பட்ட காயத்துக்கு அரசிடமிருந்து அவருக்கு இழப்பீடு வரவில்லை.

ஆனாலும் வேலையை விடவில்லை. கிட்டத்தட்ட இன்னும் 20 ஆண்டுகள் வாலஸிலேயே பணிபுரிந்தார். தீயில் மாண்டவர்களின் கல்லறைகளை அவரே பார்த்துக்கொண்டார். அங்கு முறையான நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று மேலதிகாரிகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார்.

சரி, அந்தக் கருவி?

தீயணைக்கப் போகிறவர்கள் கோடரி, மண்வெட்டி என்று எத்தனையைத்தான் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது? இரண்டையும் ஒரே கைப்பிடியில் பொருத்தினார் புலாஸ்கி. ஒரு பக்கத்தால் கிளையை வெட்டலாம். மறுபக்கத்தால் மண்ணைக் கொத்தலாம். நம்ம சங்குலின் குறுகலான தங்கச்சி மாதிரி.

அதே போன்ற கருவிகள் அதற்கு முன்பும் இருந்ததுண்டு. ஆனால் காட்டில் வேலைக்கு ஆகிற அளவுக்கு அதைச் செம்மைப்படுத்தியவர் அவர். 1920களில் வனச் சேவை முழுவதும் அது பரவியது. அதை வைத்து அவர் பணம் சம்பாதிக்கவில்லை. 1931-ல் காலமானார்.

தண்ணீர் இல்லாமல் தீயை எப்படி அணைப்பதுன்னு கேட்கிறீங்களா? மலைக்காட்டில் பெரும்பாலும் வேறு வழியில்லை. தீ வரும் திசையில் செடி, சருகு எல்லாவற்றையும் அகற்றி, வெறும் மண் தெரியும்படி ஒரு நீளமான பாதை வெட்டுவார்கள். அதுதான் தீத்தடுப்புக் கோடு. எரிய ஒன்றும் இல்லாத இடத்தில் தீ நின்றுவிடும்.

எரிய ஒன்றும் இல்லை என்றால் தீ இல்லை. இந்த ஒரு வரியை நினைவில் வச்சுக்குங்க. மிச்சக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

1910 தீயிலிருந்து அமெரிக்கா என்ன கற்றுக்கொண்டது?

வனச் சேவைக்கு அப்போது ஐந்தே வயது. அத்தனை பேரைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் அது ஒரு முடிவுக்கு வந்தது. எந்தத் தீயையும் வளரவிடக் கூடாது, எல்லாத் தீயையும் அணைக்க வேண்டும்.

ஆள் வந்தது, பணம் வந்தது. மலை உச்சிகளில் கண்காணிப்புக் கோபுரங்கள் எழுந்தன. 1910-ல் தீயணைப்பாளர்களுக்கு ஆளும் பொருளும் திரட்டிக் கொடுத்த அதிகாரிகளில் ஒருவர் ஃபெர்டினண்ட் சில்காக்ஸ். அவர் வனச் சேவையின் தலைவரான பிறகு, 1935-ல் ஒரு விதி வந்தது. காட்டில் தீ என்று தகவல் கிடைத்தால் மறுநாள் காலை 10 மணிக்குள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முடியவில்லையா? அடுத்த நாள் காலை 10 மணி. 1970களில்தான் அந்த விதி கைவிடப்பட்டது.

மாற்றுக் கருத்தே இல்லையா? இருந்தது. அந்தப் பகுதியின் சேலிஷ், கூட்டெனை பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாகக் காட்டின் அடித்தளத்தை அவ்வப்போது மெல்ல எரித்துவந்தார்கள். கலிஃபோர்னியாவிலும் சிறிய தீ காட்டுக்கு நல்லது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். பூர்வகுடிகளின் பழக்கம் என்று கேலி செய்து அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டார்கள்.

அதில் என்ன தப்பு?

தீக்கு மூன்று வேண்டும்: வெப்பம், காற்று, எரிபொருள். இடி மின்னலையும் காற்றையும் நம்மால் நிறுத்த முடியாது. மனிதர் கைவைக்கக்கூடியது எரிபொருளில் மட்டும்தான்.

காட்டில் எரிபொருள் என்றால் காய்ந்த ஊசியிலை, முறிந்த கிளை, புதர், நெருக்கமாக முளைத்த கன்றுகள்.

மேற்கு அமெரிக்காவின் வறண்ட பைன் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஒரு சிறு தீ ஓடும். குப்பையைத் தின்றுவிட்டுப் போய்விடும். தடிமனான பட்டை கொண்ட பெரிய மரங்கள் தப்பிவிடும்.

அந்தச் சிறு தீயை எல்லாம் பல பத்தாண்டுகள் அணைத்துக்கொண்டே இருந்தால்? குப்பை சேர்கிறது. கன்றுகள் அடர்கின்றன. தரையில் பிடித்த தீ அவற்றை ஏணியாக்கிக்கொண்டு பெரிய மரத்தின் உச்சிக்கு ஏறுகிறது. அப்படி ஏறிய தீயைக் கருவி கொண்டு நிறுத்த முடியாது.

எல்லாக் காடும் இப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புலாஸ்கியின் ஐடஹோ மலைகளில் ஈரமான காடுகளும் உண்டு. அங்கே தீ அரிதாகத்தான் வரும், வந்தால் பெரிதாகவே வரும். எல்லாக் காட்டுக்கும் ஒரே விதி என்றதுதான் சிக்கல்.

செலவும் கூடிக்கொண்டே போனது. 1995-ல் வனச் சேவையின் செலவில் 16 விழுக்காடு தீக்காகப் போனது. 2015-ல் அது பாதியைத் தாண்டியது.

இப்போது என்ன செய்கிறார்கள்?

இப்போதெல்லாம் தீ வரும் முன்பே எரிபொருளைக் குறைக்கப் பார்க்கிறார்கள். நெருக்கமாக வளர்ந்த கன்றுகளை வெட்டி அகற்றுகிறார்கள். அடுத்து, திட்டமிட்ட எரிப்பு. அதாவது, வனத்துறையே தீ வைக்கும்.

அதற்கு முன் பல வேலைகள் உண்டு:

- எந்த இடம், எதற்காக, எவ்வளவு எரிய வேண்டும் என்று திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.
- காற்றின் வேகம், ஈரப்பதம், சருகின் ஈரம் எல்லாம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும்.
- சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும்.
- முதலில் சிறிய மூலையில் எரித்துப் பார்க்க வேண்டும்.
- அணைந்த பிறகும் நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு எரிக்கக் கூடாது.

அப்படியும் கைமீறிப் போகலாம். 2022-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வனச் சேவை வைத்த தீயே தப்பித்து ஓடியது. 1.3 லட்சம் ஹெக்டருக்கு மேல் எரிந்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே ஆகப் பெரிய காட்டுத்தீ அதுதான். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. நாடு முழுவதும் திட்டமிட்ட எரிப்பை 90 நாள் நிறுத்திவைத்து மறுஆய்வு செய்தார்கள். பிறகு மீண்டும் தொடங்கினார்கள்.

வீட்டைப் பறிகொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் எரிக்காமல் விட்டால் எரிபொருள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. காட்டில் நிற்கும் அதிகாரி அன்றைய காற்றைப் பார்த்து முடிவெடுத்தாக வேண்டும்.

நம்ம வட்டாரத்துக்கு இது பொருந்துமா?

புகைமூட்டம் வந்தால் முகக்கவசத்தைத் தேடுகிற நமக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஆனால் அப்படியே பொருந்தாது.

சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளின் சதுப்புநிலக் கரிமண் இயல்பில் ஈரமானது. தீயோடு வாழப் பழகிய காடு இல்லை அது. கால்வாய் வெட்டி நீரை வடிய விட்டால் அந்த மண்ணே எரிபொருள் ஆகிவிடும். நிலத்துக்கு அடியில் வாரக்கணக்கில் புகையும். அங்கே எரிபொருளைக் குறைப்பது என்றால் கால்வாயை அடைத்து மண்ணை மறுபடி நனைப்பதுதான்.

இடத்துக்கு இடம் வழி வேறு. தீ வந்தபின் ஓடுவதைவிட, எது எரியப்போகிறது என்று முன்கூட்டியே பார்ப்பது எங்கேயும் பயன் தரும்.

புலாஸ்கியை எப்படி நினைவுகூர்கிறார்கள்?

அந்தச் சுரங்கப்பாதை இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். வாலஸுக்கு வெளியே காட்டுவழியில் நடந்து போனால் அதன் வாயிலைப் பார்க்கலாம்.

கல்லறைகளுக்கு நினைவுக்கல் வேண்டும் என்று அவர் கேட்டது பின்னர் நிறைவேறியது. அவருடைய கண்களுக்குக் கணக்குத் தீர்க்கப்படவில்லை.

அவர் பெயர் கொண்ட கருவி இப்போது இரண்டு வேலைக்கும் பயன்படுகிறது: தானாக வந்த தீயை நிறுத்தவும், வேண்டுமென்றே வைக்கும் தீயைச் சுற்றிக் கோடு வெட்டவும்.